வேகத் தோட்டா எங்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் துப்பாக்கி சுடப் போகிறேன் என்றால் எங்கள் காலனியில் இன்றும் சிரிப்பார்கள். "யாரைச் சுடப் போற?" என்பார்கள். ஒரு காலத்தில் அதற்கு என்னிடம் பதில் இருந்தது. வாயைத் திறக்க மாட்டேன், அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் எனக்கு வேலை. பொன்னேரியில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் இருந்தேன். முகாமில் ஒரு நாள் பாயின்ட் டூ டூ ரைஃபிளைக் கையில் கொடுத்துக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். மூச்சைப் பாதி விட்டு, விசையை அழுத்தியபோது என்னையும் தூரத்துக் கறுப்பு வட்டத்தையும் தவிர உலகத்தில் ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்ததில்லை. பிறகு கல்யாணம், குழந்தை, ஷிப்டு. அந்த நிமிடத்தை மறந்தே போயிருந்தேன்.

கம்பெனிகளுக்குள் துப்பாக்கி சுடும் போட்டி, பெண்கள் அணி ஒன்று வேண்டும் என்று எங்கள் நலத்துறை அதிகாரி ஆள் தேடியபோது நான்தான் முதலில் கை தூக்கினேன். இரண்டாவதாகக் கை தூக்கியவர் பெயின்ட் அடிக்கும் பகுதியில் வேலை செய்யும் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முன் அனுபவம் உண்டா என்று அதிகாரி கேட்டார்.

"கவட்டக் கல்லுல மாங்கா அட்ச்சிக்கீறேன் சார். போதுமா?" என்றார் அக்கா.

போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆள் கிடைத்தால் சரி என்றிருந்தார் அவர்.

நாங்கள் பயிற்சிக்குப் போன துப்பாக்கிக் கிளப், பொன்னேரிப் பக்கத்து ஆரணி போகிற வழியில், கழனிகளுக்கு நடுவே இருந்தது. ஒரு பக்கம் உயரமான மண்மேடு, இந்தப் பக்கம் தகரக் கொட்டகை, நடுவில் ஐம்பது மீட்டர் புல்தரை. அந்த நிலம் கிளப் செயலாளர் குடும்பத்து நிலம். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. சின்ன வயதிலிருந்து சுடுகிறவர். சொந்த ரைஃபிள் வைத்திருந்தார். என் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் இவர்கள் கழனியில்தான் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் ஆறேழு மாதம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சொந்தத் துப்பாக்கி உள்ளவர்கள் ஒரு பக்கம் படுப்பார்கள். செயலாளர், அரிசி மில்காரர் மகன், இன்னும் இரண்டு மூன்று பேர். கிளப் துப்பாக்கியில் சுடும் எங்களைப் போன்றவர்கள் மறுபக்கம். தோட்டாவை யாரும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. கிளப்தான் எல்லாருக்கும் வாங்கிக் கொடுக்கும். அதைச் செயலாளரே தன் கையால் எடுத்துக் கொடுப்பார். அந்தப் பக்கத்துக்குப் பச்சைப் பெட்டி, எங்களுக்குச் சிவப்புப் பெட்டி.

இரண்டும் ஒரே அளவுத் தோட்டா. எந்தத் துப்பாக்கியிலும் எதைப் போட்டாலும் வெடிக்கும். வித்தியாசம் வேகத்தில்தான். சிவப்புப் பெட்டித் தோட்டா ஒலியை முந்திக்கொண்டு ஓடும். பச்சைப் பெட்டியில் இருப்பது ஒலியின் வேகத்தைத் தாண்டாமல் அடக்கமாகப் போகும். காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். எங்கள் பக்கம் சாட்டை சொடுக்கியதுபோல் 'பளீர்' என்று கேட்கும். அவர்கள் பக்கம் 'டப்', அவ்வளவுதான். கொட்டகைக்கு முதுகைக் காட்டி நின்றாலும் இப்போது சுட்டது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

முதலில் எனக்கு இதில் பெருமைகூட இருந்தது. எங்களுடையது வேகம், எங்களுடையதுதான் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தாளில் என் துளைகள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒன்று நடுவில் விழும், அடுத்தது வலது மேலே, அதற்கடுத்தது இடது ஓரம். விசையை இழுத்த கணத்திலேயே கைக்குத் தெரியும், இது நல்ல சூடு, இது கெட்ட சூடு என்று. நல்ல சூடு என்று கை சொன்னதைத் தாள் மறுத்தது. துப்பாக்கிமேல் குறிபார்க்கும் குறிமானியை ஒரு சொடுக்கு இந்தப் பக்கம், ஒரு சொடுக்கு அந்தப் பக்கம் திருப்பித் திருப்பித் துளைகளின் பின்னாலேயே ஓடினேன். வெயில் ஏறிக் கடல் காற்று வந்துவிட்டால் இன்னும் மோசம்.

செயலாளர் பின்னால் வந்து நின்று பார்ப்பார். "மூச்சு சரியில்லம்மா. லேடீஸுக்கு இது கஷ்டம்தான். ஊட்டுக் கவலையெல்லாம் தூக்கிக்கினு வந்து படுக்கறீங்க" என்பார்.

ஒரு முறை மாதாந்திர நாளா என்றுகூடக் கேட்டார். என்னிடம் நேராக இல்லை, அக்காவிடம். ஏதோ மருத்துவ ஆலோசனை சொல்கிற தொனியில். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எனக்கு நின்னு ரெண்டு வருசமாவுது சார். ஆனா எனக்கும் அப்டியேதான் போவுது" என்றார். மில்காரர் மகன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் மாவட்டத் தேர்வு வந்தது. கிளப்பிலிருந்து எல்லாரும் போனோம், அவரவர் பெட்டியோடு. எனக்கும் அக்காவுக்கும் இடம் கிடைக்கவில்லை. எனக்கு நூலிழையில் போயிற்று. திரும்பி வரும் வேனில் செயலாளர் முன்சீட்டிலிருந்து திரும்பி, "பரவால்லம்மா, கலந்துக்கினதே பெருசு" என்றார். குழந்தைக்கு ஆறுதல் சொல்வதுபோல. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே மாதிரி சிதறுகிறதே, தோட்டாவில்தான் கோளாறோ என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துத் தட்டில் சோற்றைப் போட்டுக் கொடுத்தார். "உடு. அது அவுங்க கிளப்பு, அவுங்க நெலம். நீ போய் இன்னா கேக்க முடியும்?" என்றார். எனக்கு அவர்மீதும் கோபம் வந்தது. செயலாளர்மீது வந்ததைவிட அதிகமாகவே வந்தது. "உடு, உடு" என்று விட்டு விட்டுத்தான் எங்கள் அப்பா காலம் முழுக்க விட்டார்.

அடுத்த ஞாயிறு நேரே செயலாளரிடம் போனேன்.

"சார், எனக்கும் அக்காவுக்கும் பச்சைப் பெட்டி கொடுங்க."

"எதுக்கும்மா?"

"சிவப்பு நிக்க மாட்டேங்குது. செதறுது."

அவர் சிரித்தார். "எல்லாம் ஒரே ஈயம்தாம்மா. சொல்லப்போனா உங்களுக்குத்தான் வேகமானத குடுக்கறேன். வேகமாப் போனா காத்து தள்ளறதுக்கு நேரமே இருக்காது, நேராப் போய் அடிக்கும். கத்துக்கறவங்களுக்கு அதான் ஈசி." பிறகு கொட்டகையில் இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் படுத்திருந்தவர்களும் சிரித்தார்கள். அதுதான் இன்னும் உறைத்தது.

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கிவிடும். இறங்கிய குரலில் சொன்னேன்: "கூடம் கோணலா இல்லியான்னு அளந்து பாத்துடலாம் சார். ரைஃபிள மணல் மூட்டை மேல வச்சி, ரெண்டு தோட்டாவையும் மாத்தி மாத்திச் சுட்டுப் பாக்கலாம்."

"நீயே சுட்டு நீயே சொல்லுவியா?"

"நான் சுடல. நீங்க சொல்ற ஆளு சுடட்டும்."

அவர் மில்காரர் மகனைக் கைகாட்டினார். கிளப்பிலேயே நன்றாகச் சுடுகிறவன் அவன்தான். முப்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டான். எனக்கு அவனைப் பிடிக்காது என்று வைத்திருந்தேன். காரணம் பச்சைப் பெட்டி. அவன் எழுந்து வந்து நான் வழக்கமாகச் சுடும் கிளப் ரைஃபிளை வாங்கி மணல் மூட்டைமேல் பதமாகப் பொருத்தினான். "தோட்டா மாத்தும்போதெல்லாம் மொதல் சில ரவுண்டு கணக்கு இல்ல அங்கிள். கொழல் புதுத் தோட்டாவுக்குப் பழகணும்" என்றான். செயலாளர் சரி என்றார்.

முதலில் சிவப்பு. ஐந்து ரவுண்டு. தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். கோழி முட்டையை வைத்தால் ஓரத்துத் துளைகள் வெளியே தெரிந்தன. இன்னொரு தாள், மறுபடி சிவப்பு. அதே கதை. சுட்டது நான் இல்லை. மூச்சு, வீட்டுக் கவலை, மாதாந்திர நாள் எதுவுமே இல்லாத மணல் மூட்டை சுட்டது.

பிறகு பச்சை. முதல் தாள் வந்தது. துளைகள் எல்லாம் நடுவட்டத்துக்குக் கீழே இருந்தன. "பாத்தியா, கீழ அடிக்குது!" என்றார் செயலாளர், ஜெயித்தவர்போல.

"கீழதான் விழும் அங்கிள், வேகம் கம்மி இல்ல. குறிய ஏத்திக்கலாம். எல்லாம் ஒரே எடத்துல இருக்குது பாருங்க" என்றான் மில்காரர் மகன். அவன் சொன்னது சரி. ஐந்து துளைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே கிழிசலாக இருந்தன. அக்கா தன் சுருக்குப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து மேலே வைத்தார். கிழிசல் முழுக்க மறைந்தது. "அய்ய, இன்னாடி இது!" என்றார்.

அங்கேயே முடித்திருக்கலாம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "காத்து வரட்டும். அதையும் பாத்துடலாம்" என்றேன். மதியத்துக்குமேல் கடல் காற்று எழுந்தது. வரப்போரத்துப் பனையோலைகள் சடசடத்தன. மறுபடி இரண்டையும் சுட்டார்கள். வேகமாகப் போவதைக் காற்று தள்ளாது என்றாரே, தாளில் நேர்மாறாக இருந்தது. வேகத் தோட்டாக்களைத்தான் காற்று அதிகமாக ஒதுக்கியிருந்தது. வேகமாகக் கிளம்பியது காற்றில் முட்டி, போகிற வழியிலேயே வேகத்தை இழக்கிறது. ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிற இடத்தில் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தில் காற்று அதைப் பிடித்துக்கொள்கிறது என்று மில்காரர் மகன் விளக்கினான். மெதுவாகப் போவது கிளம்பியது முதல் ஒரே நடையில் போய்ச் சேர்கிறதாம். இதெல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது! இத்தனை மாதமாகப் பக்கத்தில் படுத்துக்கொண்டு எங்கள் தோட்டாக்கள் சிதறுவதைப் பார்த்திருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இந்த மாதிரி நல்லவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

செயலாளர் விடவில்லை. "ஒரு துப்பாக்கிய வச்சி முடிவு பண்ணக் கூடாது. என் ரைஃபிள்லயும் பாப்போம்" என்றார். அவருடைய ரைஃபிளை மணல் மூட்டைமேல் வைத்தார்கள். சிவப்பைச் சுட்டார்கள். தாள் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்தும் நெருக்கமாக இருந்தன. பச்சை அளவுக்கு இல்லை. ஆனால் கிட்டத்தட்ட அதே அளவுதான். காற்றிலும்கூட ஓரளவு தாக்குப்பிடித்தது. சிவப்புப் பெட்டியில் வந்த சரக்கே கெட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டாம். ஒன்றுக்கு ஒத்துக்கொள்வது இன்னொன்றுக்கு ஒத்துக்கொள்ளாது. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"இப்போ இன்னாம்மா சொல்ற? நான் சொன்னேன் இல்ல, ரெண்டும் ஒண்ணுதான்னு!" செயலாளர் தாளை உயர்த்திப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய துப்பாக்கியில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. உலகத்தில் எல்லார் துப்பாக்கியும் தன் துப்பாக்கிதான் என்று நம்பிவிட்டார். கோபம் இறங்கியிருக்க வேண்டிய இடம் அது. எனக்கு அங்கேதான் கொதித்தது.

"உங்க துப்பாக்கிக்கு ரெண்டும் ஒண்ணுதானே சார்? அப்போ நல்லத எதுக்கு நீங்க வச்சிக்கினு, எங்களுக்கு ஒத்துக்காதத எங்க கையில குடுத்தீங்க?"

அவர் தாளைக் கீழே இறக்கினார். பதில் தேடினார், கிடைக்கவில்லை. கிடைக்காதபோது கைக்கு எது எட்டுமோ அதைத்தானே எடுப்பார்கள்.

"உங்கம்மா எங்க கழனியில நாத்து நட்டவ. ஒரு நாள் நிமிந்து ஒரு வார்த்த பேசினதில்ல. நீ பேசற."

இந்த வார்த்தை ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரிந்தேயிருந்தது. அது வரும்போது சொல்ல எத்தனையோ பதில்களை வேலைக்குப் போகும் பஸ்ஸில் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட வரவில்லை. அக்காதான் முன்னால் வந்தார்.

"சார், கழனிப் பேச்சு இங்க இன்னாத்துக்கு? நாங்க தோட்டா கேட்டுக்கினு வந்துக்கீறோம். தோட்டாவப் பத்திப் பேசுங்க."

மில்காரர் மகன் தன் பச்சைப் பெட்டியை எடுத்துவந்து என் பாய்மேல் வைத்தான். "அக்கா, இத எடுத்துக்குங்க" என்றான். நல்ல மனதோடுதான் செய்தான். நான் அதை எடுத்து அவன் கையிலேயே திரும்ப வைத்தேன். "உன் பங்கு எனக்கு வேணாம்பா. எங்க பங்கு எதுன்னு சொல்லச் சொல்லு." சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ் நிறுத்தம்வரை அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் நலத்துறை அதிகாரியைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். கழனிப் பேச்சைச் சொன்னபோது மட்டும் அவர் பேனாவை மூடிவைத்தார். நான் ஒன்றுதான் சொன்னேன்: "எல்லாருக்கும் அவங்கவங்க துப்பாக்கிக்கு எது ஒத்துக்குதோ அதைக் கொடுக்கணும். இல்லன்னா பெண்கள் அணி இல்ல சார்." எங்கள் கம்பெனி போன்ற சிலவற்றின் சந்தாவில்தான் அந்தக் கிளப் ஓடுகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. அதிகாரிக்குத் தெரியும். போனை எடுத்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். சிரித்துச் சிரித்துப் பேசினார். இரண்டே நிமிடம். என் அம்மாவின் பெயர் அதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்து நின்ற என்மீதே எனக்கு எரிச்சல் வந்தது.

சில வாரம் கழித்துக் கிளப்புக்குப் போனபோது செயலாளர் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு அறிவிப்புச் செய்தார். இனிமேல் கிளப்பின் ஒவ்வொரு துப்பாக்கியையும் மணல் மூட்டையில் வைத்துச் சோதித்து, எது எதற்குப் பொருந்துகிறதோ அந்தத் தோட்டாவைத்தான் கொடுக்கப் போகிறோம் என்றார். ரொம்ப நாளாகத் தன் மனதில் இருந்த யோசனை என்றார். மன்னிப்பு கேட்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. நானும் அக்காவும் சுடுகிற துப்பாக்கிகளுக்குப் பச்சை என்று முடிவாயிற்று. ஓரத்தில் இருந்த பழைய கிளப் துப்பாக்கி ஒன்றுக்கு மட்டும் சிவப்புதான் நன்றாக இருந்தது. சுட்டுப் பார்த்தபடியேதான் அதுவும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

பச்சைத் தோட்டாவோடு முதல் நாள் சுட்டபோது கை சொன்னதைத் தாள் அப்படியே சொன்னது. நல்ல சூடு நடுவில் இருந்தது. கெட்ட சூடு எந்தப் பக்கம் கெட்டதோ அந்தப் பக்கம் இருந்தது. தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். சந்தோஷம் என்று நினைத்து ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்தார். சந்தோஷம் இல்லை அது. போன மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம், என் மூச்சில் கோளாறு என்று நம்பிப் படுக்கையில் மூச்சுப் பயிற்சி செய்த ராத்திரிகளையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது என்கிற ஆத்திரம்.

அடுத்த மாவட்டத் தேர்வில் அக்கா தேறினார். நான் தேறவில்லை. காற்று திரும்பியதைக் கவனிக்காமல் அவசரப்பட்டேன். தோட்டாமேல் பழி போட வழியில்லை; செயலாளர்மேலும் போட வழியில்லை. அது ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. என் தோல்வி முழுக்க என்னுடையதாக இருந்தது அன்றுதான்.

அக்கா மாநிலப் போட்டிக்குக் கிளம்பிய அன்று கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குச் செயலாளர் மாலையோடு வந்தார். அக்காவை இப்போது மேடம் என்று கூப்பிடுகிறார். போட்டோ எடுக்க ஒருவரைக் கூட்டிவந்திருந்தார். "எங்க கிளப்ல பாகுபாடே கெடையாது. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். நான்தான் ஒவ்வொரு ரைஃபிளையும் ஒக்காந்து டெஸ்ட் பண்ண வச்சேன்" என்று பிளாட்பாரத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மில்காரர் மகன் பின்னால் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீயும் வாம்மா, பக்கத்துல நில்லு" என்று செயலாளர் என்னை அழைத்தார். கை நீட்டிக் கூப்பிட்டார். உண்மையிலேயே அன்பாகத்தான் கூப்பிட்டார். அவருக்கு எல்லாம் மறந்துவிட்டிருந்தது.

நான் போகவில்லை. அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு, சென்னை போகிற லோக்கலின் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். துணைக்கு வருவதாக முன்பே சொல்லி லீவு போட்டிருந்தேன். அக்கா போட்டோ முடித்து, மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, வண்டி நகர்வதற்கு ஒரு கணம் முன்னால் ஓடிவந்து ஏறினார். என் எதிரில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாடி, மூஞ்ச இப்டி வச்சிக்கினு கீற? எனக்கோசரமாவது கொஞ்சம் சிரி."

"வரலக்கா."

"வராட்டிப் போ" என்றார் அக்கா. மாலையைப் பக்கத்து சீட்டில் போட்டார். "நாஷ்டா கட்டிக்கினு வந்தியே, அத எடு. காத்தாலேருந்து ஒண்ணும் துன்னல. பசி உயிர் போவுது."